நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு வார்ட் எப்படி நடக்கிறது? புதிதாக இன்சார்ஜ் ஆகும் தாதியருக்கு ஒரு முழுமையான தலைமைத்துவ வழிகாட்டி

"அக்கா, என்னை இன்சார்ஜாகப் போட்டுவிட்டார்கள், எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை" என்று போன மாதம் ஒரு தங்கச்சி போன் எடுத்தாள். மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை. பயிற்சி முடித்துப் பதினொரு வருஷம். கனியூலா (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை, நரம்பே தெரியாத கிழவிக்கும் ஒரே குத்தில் போட்டுவிடுவாள். பிரச்சினையே அதுதான். நன்றாக வேலை செய்கிற ஒருவரைப் பிடித்து, இனி நீ செய்யாதே, மற்றவர்களைக் கொண்டு செய்வி என்று ஒரே நாளில் சொல்லிவிடுகிறார்கள், அதற்கு யாரும் பழக்கிவிடுவதில்லை. பயிற்சிக் கல்லூரியில் படித்த தலைமைத்துவக் கோட்பாடுகள் பரீட்சைத் தாளோடு போய்விட்டன.

திருகோணமலைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கன காலம் வேலை செய்துவிட்டேன். அன்று அவளுக்கு ஒன்றரை மணித்தியாலம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கோட்பாடுகள் எல்லாம் வரும், ஆனால் பாடப்புத்தக வரிசையில் வராது, எந்த இடத்தில் கைகொடுக்குமோ அந்த இடத்தில் வரும்.

தொடங்க முன் ஒரு விஷயம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் நமக்கு விளக்கு ஞாபகம் வரும். ஆனால் 1854 இல் 38 தாதியரைக் கூட்டிக்கொண்டு துருக்கியின் ஸ்குட்டாரிப் போர்க்கால ஆஸ்பத்திரிக்குப் போன அந்த அம்மா அடிப்படையில் ஒரு நிர்வாகி. 1859 இல் தாதியம் பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகத்தில் சில்லறை நிர்வாகத்துக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. நீ இருக்கும்போது செய்வது நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரியாவிட்டால், உன் நல்ல தாதியம் முழுவதும் வீணாகிவிடும், அதுதான் அதன் சாரம். காலை 7 முதல் பகல் 1 வரை நீங்கள் வார்ட்டில் நிற்பீர்கள். இரவு 7 முதல் காலை 7 வரை பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கமாட்டீர்கள். கீழே வரும் ஒவ்வொரு கோட்பாட்டையும் அந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்தில்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

1. முதல் இரண்டு கிழமை எதையும் மாற்றாதீர்கள்

புதிய இன்சார்ஜ் வந்த மறுநாளே மருந்து அலமாரியைத் திருப்பி வைப்பதும், நோட்டீஸ் போர்டில் பத்துக் கட்டளை ஒட்டுவதும் நம் ஊர் வழக்கம். வேண்டாம். பாருங்கள், கொப்பியில் எழுதுங்கள், அவ்வளவுதான்.

"அவளுக்குத் தலைமைக் குணம் இல்லை, பிறப்பிலேயே வரவேணும்" என்று யாராவது சொன்னால் காதில் போட வேண்டாம். வரலாற்றை நகர்த்துவது பிறவித் தலைவர்கள்தான் என்று தோமஸ் கார்லைல் 1840 இல் விரிவுரை செய்தார். அதை நம்பிப் பலர் தலைவர்களின் குணங்களைப் பட்டியல் போட்டார்கள். 1948 இல் ரால்ஃப் ஸ்டொக்டில் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, குணத்தை மட்டும் வைத்து யார் தலைவர் என்று சொல்ல முடியாது, இடத்துக்கு இடம் மாறும் என்று எழுதினார். குணக் கோட்பாட்டுக்கு இவ்வளவு போதும்.

எதைப் பார்ப்பது? முதலில் நேற்றிரவு சார்ட்கள். அடுத்தது, ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்கிறாள் என்பது. அந்த ஆள் பெரும்பாலும் இன்சார்ஜ் இல்லை. மூலையில் சத்தமில்லாமல் ட்ரொலி தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு சீனியராக இருப்பார், சில வார்ட்களில் இருபது வருஷம் அங்கேயே இருக்கும் அட்டெண்டன்ட் ஐயாவாகக்கூட இருப்பார்.

ஃபிரெஞ்ச், ரேவன் என்ற இருவர் 1959 இல் அதிகாரத்தை ஐந்தாகப் பிரித்தார்கள்: பதவியால் வருவது, பரிசு கொடுக்க முடிவதால் வருவது, தண்டிக்க முடிவதால் வருவது, அறிவால் வருவது, மனிதர் மேல் உள்ள மதிப்பால் வருவது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதைப் பொருத்திப் பாருங்கள், சிரிப்பு வரும். சம்பளம் உங்கள் கையில் இல்லை, ஆளை எடுக்கவோ நிறுத்தவோ முடியாது, இடமாற்றம் எங்கேயோ நடக்கிறது. பரிசும் தண்டனையும் கிட்டத்தட்டப் பூச்சியம். ரோஸ்டர் (ட்யூட்டி அட்டவணை) ஒன்றுதான் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். மிச்சம் இருப்பது உங்கள் அறிவும் உங்கள் மேல் உள்ள மதிப்பும்தான். ஆகவே அந்த மூலைச் சீனியரைப் போட்டியாளராகப் பார்க்காதீர்கள், அவரிடம் இருப்பது உங்களிடம் இன்னும் இல்லாத அதிகாரம்.

2. உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடியுங்கள்

1939 இல் குர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் மூவரும் அமெரிக்காவின் அயோவாவில் 10 வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாக்கி முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே தீர்மானித்துக் கட்டளையிட்டார். இன்னொரு வகை கூடிப் பேசி முடிவெடுத்தது. மூன்றாவது வகை, "எப்படியாவது செய்யுங்கோ" என்று ஒதுங்கி நின்றது. எதேச்சாதிகாரம், ஜனநாயகம், தலையிடாமை என்று நாம் பரீட்சைக்கு எழுதிய மூன்று பாணியும் இதிலிருந்து வந்தவைதான். கட்டளையிடும் தலைவரின் குழு வேலையில் குறைவில்லை, நிறையவே செய்தது. ஆனால் அவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கூடிப் பேசிய குழு தலைவர் இல்லாதபோதும் செய்துகொண்டிருந்தது.

இதைப் படித்துவிட்டும் நான் முதல் வகையாகத்தான் தொடங்கினேன். அது வேறொரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். பகலில் என் வார்ட் கண்ணாடி மாதிரி. கட்டில் விரிப்பு மடிப்புக்கூட ஒரே அளவு. ஒரு திங்கட்கிழமை காலை, சத்திரசிகிச்சை முடிந்த ஒரு ஐயாவின் இரண்டு மணித்தியாலச் சார்ட்டை எடுத்தேன். இரவு 10, 12, 2, 4, 6. ஐந்து கட்டமும் ஒரே நீலப் பேனை, ஒரே சாய்வு எழுத்து, பிரஷர் 120/80, சிறுநீர் ஒவ்வொரு முறையும் 100. இரவு 12 மணிக்கு அந்த ஐயா ஸ்கேனுக்குப் போயிருந்தார், கட்டிலிலேயே இல்லை. அவர் இல்லாத கட்டிலில் பிரஷர் 120/80.

எல்லாருக்கும் முன்னால் வைத்து ஏசினேன். நோயாளர்கூட எழும்பி இருந்து பார்த்தார்கள். அடுத்த இரவு என்ன நடந்தது தெரியுமா? சார்ட் இரண்டு நிறப் பேனையில் நிரம்பியிருந்தது. 118/78, 124/82 என்று எண்களும் கொஞ்சம் முன்னே பின்னே. என் ஏச்சால் திருந்தியது பொய்யின் நேர்த்தி மட்டும்தான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, அதுவும் வேறு வழியில்லாமல், இரவு ட்யூட்டிப் பிள்ளைகளை இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, ஏன் முடியவில்லை என்று கேட்டேன். ஒரு பிள்ளை சார்ட்களை எடுத்து மேசையில் பரப்பினாள். இரண்டு பேர், 42 நோயாளர், அதில் 14 பேருக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். ஒருவரைப் பார்க்க ஐந்து நிமிஷம் என்றாலும் ஒவ்வொரு இரண்டு மணித்தியாலத்திலும் எழுபது நிமிஷம் அதற்கே போய்விடும், மிச்ச வேலைக்கு ஆள் போதாது. அந்த 14 இல் பாதிப் பேருக்கு அறுவைசிகிச்சை முடிந்து மூன்று நாள், இரண்டு மணித்தியாலம் என்ற பழைய கட்டளையை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். வார்ட் ரவுண்டில் டொக்டரிடம் கேட்டு ஆறு பேருக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். ஏசிக்கொண்டு இருந்திருந்தால் இது எனக்குத் தெரியவே வந்திருக்காது. கூடிப் பேசுவதை நான் நல்ல மனசுக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

தலையிடாத பாணி பற்றி ஒரு வரி. "என் பிள்ளைகளை நான் நம்புறேன்" என்று அறைக்குள் இருந்து ரிட்டர்ன் (மேலிடத்துக்கு அனுப்பும் கணக்கு) எழுதிக்கொண்டிருக்கும் இன்சார்ஜ்மாரை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை.

இன்னொரு சாய்வும் இருக்கிறது, என் தங்கச்சிக்கு இருப்பது அதுதான். டானியல் கோல்மன் 2000 ஆம் ஆண்டு சொன்ன ஆறு பாணிகளில் ஒன்று: தானே முன்னால் ஓடி, எல்லாரும் என் வேகத்துக்கு வா என்று எதிர்பார்ப்பது. கெட்டிக்காரத் தாதி இன்சார்ஜ் ஆனால் வரும் வருத்தம் இது. மற்றவள் கனியூலாவோடு தடுமாறினால் பிடுங்கித் தானே போட்டுவிடுவாள். பார்க்க உதவி மாதிரி இருக்கும். இரவில் அந்தப் பிள்ளை தனியாக நிற்கும்போதுதான் தெரியும் அவள் பழகவே இல்லை என்று.

3. ஆளைப் பார்த்துப் பாணியை மாற்றுங்கள்

வார்ட்டில் எனக்கு மிக அதிகம் உதவிய கோட்பாடு 1969 இல் ஹெர்சியும் பிளான்சார்டும் சொன்னது. ஒரே பாணி எல்லாருக்கும் சரிவராது, ஆள் அந்த வேலையில் எவ்வளவு தயார் என்பதைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பது, விளக்கி இணங்கவைப்பது, சேர்ந்து செய்வது, ஒப்படைப்பது என்று நகர வேண்டும். ஆய்வு ரீதியாக இதற்கு ஆதாரம் அவ்வளவு பலமில்லை என்று விமர்சனம் உண்டு, அது உண்மைதான். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் கையில் பிடிக்க ஒரு தடி வேண்டாமா?

இதோடு பட்ரிசியா பெனரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதியவர், கொஞ்சம் பழகியவர், தேர்ச்சி பெற்றவர், திறமையானவர், நிபுணர் என்று ஐந்து படியாகத் தாதியர் வளர்வதை 1984 இல் எழுதினார். புதியவருக்கு விதி வேண்டும், நிபுணர் நிலைமையை முழுசாகப் பார்ப்பார், விதியைக் கேட்டால் எரிச்சல் வரும்.

நாம் கோட்டை விடும் இடம் ஒன்று: தயார்நிலை ஆளுக்கு இல்லை, வேலைக்கு. பதினைந்து வருஷம் மகப்பேற்று வார்ட்டில் இருந்த ஒரு அக்கா மெடிக்கல் வார்ட்டுக்கு மாறி வருகிறார். டெங்குச் சார்ட் அவருக்குப் புதிது. "நீங்கள் சீனியர்தானே" என்று விட்டுவிடுவோம், அவரும் வெட்கத்தில் கேட்கமாட்டார். இங்கே செய்ய வேண்டியது, அவருடைய வயதுக்குரிய மரியாதையோடு, புதியவருக்குச் சொல்வதைப் போலவே முதலில் இருந்து சொல்லிக்கொடுப்பது. "அக்கா, இந்த வார்ட்டில் இதை இப்படித்தான் நிரப்புறம், இன்றைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து செய்வம்" என்றால் போதும்.

குருநாகலில் இருந்தோ கண்டியில் இருந்தோ முதல் நியமனத்தில் வந்திருக்கும் சிங்களப் பிள்ளை மருந்து விஷயத்தில் நல்ல தேர்ச்சியாக இருப்பாள், ஆனால் கிண்ணியாவிலிருந்து வந்த உம்மா "நெஞ்சு எரியுது" என்று சொன்னால் அது என்ன வலி என்று பிரித்துக் கேட்க அவளுக்குத் தமிழ் போதாது. மருந்தில் ஒப்படையுங்கள், கதைப்பதில் கூட நில்லுங்கள். ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு பாணி.

ஃபிரெட் ஃபீட்லர் என்ற ஆய்வாளர் இதற்கு எதிர்ப்பக்கம். ஆளின் பாணி இலேசில் மாறாது, ஆகவே பாணிக்குப் பொருந்தும் இடத்தில் ஆளை வை என்பது அவர் கட்சி. எனக்கு முழுச் சம்மதம் இல்லை, ஆனால் ட்யூட்டி ஜோடி போடும்போது அவர் சொல்வது சரி. பதற்றக்காரர் இருவரை ஒரே இரவில் போடாதீர்கள்.

4. அவசரத்தில் கட்டளையிடுங்கள், பிறகு கீழே இறங்குங்கள்

மேலே கூடிப் பேசுவதைப் புகழ்ந்துவிட்டேன், அதற்காக இருதயம் நின்ற நோயாளியின் கட்டிலடியில் கருத்துக் கேட்க முடியாது. அங்கே ஒரே குரல், பெயர் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு வேலை. "யாராவது அட்ரினலின் எடுங்கோ" என்றால் நாலு பேர் ஓடுவார்கள் அல்லது ஒருவரும் ஓடமாட்டார்கள். "தம்பி, நீங்கள் அட்ரினலின். எடுத்ததும் சத்தமாகச் சொல்லுங்கோ" என்றால் வேலை நடக்கும்.

டெங்கு காலமும் இப்படித்தான். 2017 இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு பரவிய நாட்களை இங்கே வேலை செய்தவர்கள் மறக்கமாட்டார்கள். நாடு முழுக்க அந்த வருஷம் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் நோயாளர். நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு இடையில் கால் வைத்து நடக்க வேண்டிய நேரத்தில் யார் எந்த வரிசை, யார் சார்ட், யார் திரவம் என்று இன்சார்ஜ் ஒரே மூச்சில் பிரித்துவிட வேண்டும்.

ஆனால் பழகிவிட்டால் அந்தக் குரல் தொண்டையிலேயே தங்கிவிடும். அவசரம் முடிந்த அன்றே, கை கழுவி முடிந்ததும், பத்து நிமிஷம் நின்று, நான் எங்கே பிழை விட்டேன், எது நன்றாக நடந்தது, எது பிந்தியது என்று கேளுங்கள். முதல் கேள்வியை உங்கள் பிழை பற்றிக் கேட்டால்தான் மற்றவை வெளியே வரும்.

5. ரோஸ்டர்: உங்கள் உண்மையான தலைமைத்துவப் பரீட்சை

1978 இல் ஜேம்ஸ் மக்கிரேகர் பேர்ன்ஸ் தலைமையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று கொடுக்கல் வாங்கல்: நீ இதைச் செய், நான் அதைத் தருகிறேன். மற்றது ஆட்களையே மேலே தூக்கிவிடும் மாற்றத் தலைமை. பரீட்சையில் எல்லாரும் இரண்டாவதைத்தான் உயர்த்தி எழுதுவோம். ஆனால் கொடுக்கல் வாங்கல் சுத்தமாக இல்லாத வார்ட்டில் மாற்றம் பற்றிப் பேசினால் பகிடி பண்ணுவார்கள். ரோஸ்டர்தான் அந்தக் கணக்குப் புத்தகம்.

நான் செய்யும் ஒழுங்கைச் சொல்கிறேன். லீவு கேட்க ஒரு கொப்பி, ஒவ்வொரு மாதமும் 20 ஆம் திகதியோடு மூடப்படும். அதற்குப் பிறகு வாயால் கேட்பது செல்லாது, எனக்கு நெருக்கமானவர் கேட்டாலும் செல்லாது. முதலில் இரவுகளை நிரப்புவேன், ஏனென்றால் சண்டை அங்கேதான். பிறகு சனி, ஞாயிறு. கடைசியாகத்தான் சாதாரண நாட்கள். யாருக்கு எத்தனை இரவு, எத்தனை ஞாயிறு என்ற கூட்டுத்தொகையை ரோஸ்டரின் ஓரத்திலேயே எல்லாரும் பார்க்க எழுதி ஒட்டுவேன். அந்த ஓர எண்கள் ஒட்டிய மாதத்தில் இருந்து முறைப்பாடு பாதியாகிவிட்டது. அநீதியை விட, அநீதி நடக்கிறதோ என்ற சந்தேகம்தான் வார்ட்டை அதிகம் தின்னும்.

திருகோணமலையில் இதற்கு மேல் ஒரு கணக்கு இருக்கிறது. தீபாவளிக்கு முஸ்லிம் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் தாங்குவார்கள், வெசாக்குக்கு நாங்கள் தாங்குவோம், கிறிஸ்மஸுக்கு எல்லாரும் தாங்குவோம், அது சுகம். சித்திரை வருஷப் பிறப்பில்தான் முட்டும். தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாள் கொண்டாட்டம், சுமை முழுவதும் முஸ்லிம் பிள்ளைகள் தலையில் விழும். அவர்கள் முகம் சுளிக்காமல் செய்வார்கள், நாமும் அதைக் கடமை மாதிரி எடுத்துக்கொள்வோம். திருப்பிக் கொடுக்கும் பெருநாளோ பிறை கண்டால்தான் நிச்சயம். ஆகவே நோன்புப் பெருநாளுக்கு ஒரு நாள் லீவு போட்டால் போதாது, இரண்டு நாளுக்கும் மாற்று ஆளை எழுதி வைக்க வேண்டும். பிறை தெரிந்த இரவில் போன் போட்டு ஆள் தேடுகிற இன்சார்ஜ், சித்திரைக்கு அவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பது?

தூரத்துப் பிள்ளைகளுக்கு லீவு நாட்கள் சேர்ந்து வேண்டும், இரவு ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய் ஒரு நாளில் திரும்புவது வாழ்க்கையா? குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகிறவருக்கு மாலை ட்யூட்டி 7 மணிக்கு முடிந்தால் வீடு போய்ச் சேர்வதே பெரும்பாடு. ரொபர்ட் ஹவுஸ் 1971 இல் சொன்ன பாதை-இலக்குக் கோட்பாடு இதைத்தான் பேசுகிறது: தலைவரின் வேலை ஆள் இலக்குக்குப் போகும் பாதையில் கிடக்கும் கல்லைப் பொறுக்குவது. பாதி நேரம் அந்தக் கல் ஒரு பஸ் நேரமாக இருக்கும்.

6. வேலையை ஒப்படைக்கும்போது

இது நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஐந்து சரிகளை ஏற்கனவே படித்திருப்பீர்கள்: சரியான வேலை, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை. நடைமுறையில் நாலாவதும் ஐந்தாவதும்தான் விழும். "அந்த ஐயாவைக் கொஞ்சம் பாருங்கோ" என்பது அறிவுறுத்தல் இல்லை. "9 ஆம் கட்டில் ஐயாவுக்கு அரை மணிக்கு ஒரு முறை சுகர் பார்த்து, 70க்குக் கீழே வந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கோ" என்பதுதான் அறிவுறுத்தல். வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பு உங்களோடுதான் இருக்கும். சிற்றூழியரிடம் மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போக முடியாது.

7. இரவில் போன் எடுக்கப் பயப்படாத வார்ட்

ஏமி எட்மன்ட்சன் என்ற ஆய்வாளர் ஆஸ்பத்திரிப் பிரிவுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள பிரிவில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். எண்கள் தலைகீழாக வந்தன, நல்ல பிரிவுகளில்தான் அதிகம் பிழை பதிவாகியிருந்தது. அங்கே அதிகம் பிழை செய்யவில்லை, பிழையைச் சொல்லப் பயப்படவில்லை. 1996 இல் வெளிவந்த அந்த ஆய்விலிருந்துதான் அவருடைய உளப் பாதுகாப்பு என்ற எண்ணம் வளர்ந்தது. உங்கள் வார்ட்டில் ஆறு மாதமாக ஒரு மருந்துப் பிழையும் பதிவாகவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், யோசியுங்கள்.

எனக்கு இது புரிந்தது ஒரு டெங்குப் பையனால். இரவு 2 மணி, பிரஷர் 100/80. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 20, அது அபாயம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் டொக்டரை எழுப்பாமல் அரை மணி நேரம் பொறுத்து மறுபடி பார்த்தாள். ஏன் என்று பிறகு கேட்டேன். போன கிழமை இன்னொருத்தி "சும்மா" போன் எடுத்ததற்கு ஏச்சு வாங்கியதாம். ஏசியது டொக்டர் இல்லை, காலையில் வந்த நான். நல்ல காலம், பையன் தப்பிவிட்டான்.

அன்றிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, இரவில் போன் எடுத்ததற்காக என் வார்ட்டில் யாருக்கும் ஏச்சு இல்லை, தேவையில்லாத போனாக இருந்தாலும். இரண்டு, போனுக்கு மேலே எஸ்.பி.ஏ.ஆர். வரிசையை மூன்று மொழியிலும் ஒட்டி வைத்தேன்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள். இது அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை, துறைமுக ஊர்க்காரருக்குப் பிடிக்காமலா போகும்? இப்படிச் சொல்லிப் பழக்குங்கள்:

"டொக்டர், மெடிக்கல் வார்ட்டில் இருந்து கதைக்கிறேன். 12 ஆம் கட்டில் டெங்குப் பையனுக்குப் பிரஷர் 90/75, வித்தியாசம் 15தான். காய்ச்சலின் ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டு ஆறு மணித்தியாலம், மாலையில் பி.சி.வி. 38, இப்போது 46. பிளாஸ்மா கசிகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வர வேணும், வரும்வரை என்ன திரவம், என்ன வேகத்தில் என்று சொல்லுங்கோ."

பி.சி.வி. என்பது இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசிந்தால் அது ஏறும். கடைசி இரண்டு வாக்கியம்தான் நம் பிள்ளைகளுக்கு வராது. எண்களை வாசித்துவிட்டு மௌனமாக நிற்பார்கள், டொக்டர் தானாக விளங்கிக்கொள்ளட்டும் என்று. "நினைக்கிறேன்", "வர வேணும்" என்ற இரண்டையும் வாய்விட்டுச் சொல்லப் பகலில், சிரித்துக்கொண்டே, நாடகம் மாதிரி நடித்துப் பழக்குங்கள். தமிழோ சிங்களமோ ஆங்கிலமோ, வரிசை மாறாது, மொழி தடுமாறுகிறவருக்கு அதுவே பெரிய பிடி.

8. பெரிய சொற்கள் வார்ட்டில் எப்படி இருக்கும்

மாற்றத் தலைமையை 1985 இல் பேர்னாட் பாஸ் விரித்து எழுதினார். அதன் நான்கு கூறுகளையும் எனக்குத் தெரிந்த வார்ட் மொழியில் சொன்னால்: கையுறை போடாமல் நீங்களே இரத்தம் எடுத்துவிட்டு மற்றவருக்குத் தொற்றுத் தடுப்பு வகுப்பு எடுக்காதீர்கள், இந்த வார்ட் எங்கே போக வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லத் தெரிந்திருங்கள், "எப்பவும் இப்பிடித்தான் செய்றம்" என்பதைக் கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்காதீர்கள், ஒவ்வொருவரையும் தனி ஆளாக அறியுங்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை பேர் வெளிநாடு போய்விட்டார்கள்! போகிறவர்களை நிறுத்த ஒரு இன்சார்ஜால் முடியாது. ஆனால் 1983 இல் அமெரிக்காவில், தாதியரைத் தக்கவைத்துக்கொண்ட 41 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தபோது, அங்கே தாதியத் தலைவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள், காது கொடுத்தார்கள், முடிவெடுப்பதில் தாதியரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று வந்தது. அது நம் கைக்கு எட்டுகிற விஷயம்தான்.

சேவகத் தலைமை என்பதை 1970 இல் ரொபர்ட் கிரீன்லீஃப் முன்வைத்தார், தலைவர் முதலில் சேவகர் என்று. நம் ஆட்களுக்கு இது உடனே பிடித்துவிடும், பிழையாகவும் பிடித்துவிடும். எல்லாருடைய வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்து முதுகு முறிவது சேவகத் தலைமை இல்லை. உங்களிடம் இருக்கிறவர்கள் வளர்கிறார்களா என்பதுதான் அவருடைய கேள்வி.

9. பிறகு ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்

மூன்றாம் மாதத்தில் கை வைக்கலாம். லெவின் 1947 இல் சொன்ன மூன்று படி போதும்: உறைந்ததை இளக்கு, மாற்று, மறுபடி உறையவிடு. நான் எடுத்தது, மேசையடியில் நடந்த ஹாண்ட் ஓவரை (ட்யூட்டி மாறும்போது அடுத்தவரிடம் நோயாளர் விபரம் ஒப்படைப்பதை) கட்டிலடிக்குக் கொண்டுபோவது. இளக்குவதற்குக் கட்டளை போடவில்லை, அந்த மாதம் ஹாண்ட் ஓவரில் தவறிப்போன மூன்று விஷயங்களைப் பெயர் சொல்லாமல் வாசித்துக் காட்டினேன். பிறகு ஒரே ஒரு பகுதியில், எட்டுக் கட்டிலில், இரண்டு கிழமை. எதிர்த்தவர் அந்த மூலைச் சீனியர். நோயாளி முன்னால் அவருடைய வருத்தத்தைச் சத்தமாகச் சொல்வது சரியில்லை என்றார். அவர் சொன்னது நியாயம், ஆகவே இரகசியமானவை மேசையில், சேலைனும் வடிகுழாயும் காயமும் கட்டிலடியில் என்று பிரித்தோம். அந்தப் பிரிப்பு அவர் பெயரிலேயே ஓடியது. உறையவிடும் படியில்தான் பலர் விடுவோம்: இன்சார்ஜ் லீவில் போன கிழமையே பழையபடி மேசைக்குத் திரும்பிவிடும். புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் நாளே கட்டிலடி முறையை மட்டும் காட்டினால், அவளுக்குத் திரும்பிப்போகப் பழைய முறையே இருக்காது.

இது முடிந்ததும் ஒரு கிழமை லீவு எடுங்கள், உண்மையாகவே சொல்கிறேன். போனை நிறுத்த வேண்டாம், நீங்களாகவும் எடுக்க வேண்டாம். யார் அழைத்தார்கள், எதற்கு என்று மட்டும் எழுதி வையுங்கள். திரும்பி வந்ததும் கதிரையில் இருக்க முதல் இரவு 2 மணிக் கட்டங்களைப் பாருங்கள். என் முதல் லீவில் 11 அழைப்பு வந்தது. அதில் இரண்டு நான் தீர்மானிக்க வேண்டியவை, எட்டு அவர்களே தீர்மானித்திருக்கக் கூடியவை. மிச்சம் ஒன்று, ஸ்டோர் சாவி எங்கே என்று. அது என் கைப்பையில் இருந்தது.